எண்ணிக்கை திரும்பியது, மரபணுக்கள் திரும்பினவா? வேட்டையில் தப்பிய கடல் பாலூட்டிகள் பற்றிச் சில கேள்விகள்

அழிவின் விளிம்பிலிருந்து ஓர் இனம் மீண்டது என்று செய்தி வந்தால், அதில் தவறாமல் ஓர் எண் இருக்கும்: அன்று இத்தனை, இன்று இத்தனை. அந்த எண் பொய்யல்ல, ஆனால் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி டி.என்.ஏ.வில் இருக்கிறது. அதைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வேட்டை உண்மையில் எந்த அளவுக்கு நடந்தது?

விளக்கு எரிக்கவும் இயந்திரங்களுக்கு மசகிடவும் கொழுப்பெண்ணெய் வேண்டியிருந்தது. சீனச் சந்தையில் கடல் நீர்நாயின் தோலுக்குப் பெரும் விலை கிடைத்தது. திமிங்கிலத்தின் மேல்தாடையிலிருந்து தொங்கும் வளையும் தகடுகள் குடைக் கம்பிகளாகவும் ஐரோப்பியப் பெண்களின் இடைக்கச்சைகளாகவும் மாறின. பாய்மரக் கப்பல்களின் காலத்திலேயே பல இனங்கள் சரிந்துவிட்டன. வெடி ஈட்டியும் நீராவிக் கப்பலும் வந்த பிறகு, அதுவரை வேகத்தால் தப்பிவந்த நீலத் திமிங்கிலமும் சிக்கியது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் பெரிய திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன.

சில இனங்கள் திரும்பவே இல்லை. வட பசிபிக்கின் கமாண்டர் தீவுகளை ஒட்டி வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசுவை ஐரோப்பியர் முதன்முதலில் கண்டது 1741இல். 1768க்குள் அது இல்லை. கரீபியத் துறவிச் சீல் என்ற விலங்கை 1952க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தப்பியவற்றின் கதை இதைவிடச் சிக்கலானது.

எல்லோரும் யானைச் சீலையே உதாரணமாகக் காட்டுகிறார்களே, ஏன்?

இவ்வளவு தாழ்ந்து இவ்வளவு உயர்ந்த கணக்கு வேறு அதிகம் இல்லை என்பதால். வடக்கு யானைச் சீல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா முதல் அமெரிக்காவின் கலிபோர்னியா வரையிலான கரைகளிலும் தீவுகளிலும் குட்டி ஈனும் விலங்கு. வளர்ந்த ஆண் இரண்டு டன்னுக்கு மேல் எடையிருக்கும். தரையில் அதற்கு வேகம் கிடையாது, மனிதரைக் கண்டு ஓடும் பழக்கமும் கிடையாது. கொழுப்பெண்ணெய்க்காக 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தொடங்கிய வேட்டை, சில பத்தாண்டுகளிலேயே கரைகளைக் காலியாக்கியது. 1880களில் இந்த இனம் முடிந்தது என்றே நம்பினார்கள்.

1892இல் சார்லஸ் டவுன்சென்டும் ஏ. டபிள்யூ. ஆன்டனியும் மெக்சிகோவின் குவாதலூப் தீவுக்குச் சென்றார்கள். கரையிலிருந்து 240 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக்கில் தனித்து நிற்கும் எரிமலைத் தீவு அது. அங்கே கண்ணில் பட்ட யானைச் சீல்கள் பத்துக்கும் குறைவு. அவற்றில் ஏழு விலங்குகளைக் கொன்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அபூர்வமாகிவிட்டது, ஆகவே மாதிரி சேகரிப்போம் என்பது அந்தக் காலத்துத் தர்க்கம். இன்று படிக்கும்போது வயிறு எரிகிறது.

ஆனாலும் இனம் அழியவில்லை. 1911இல் அதே தீவில் 125 இருந்தன. 1922இல் எண்ணியபோது 264. அந்த ஆண்டே மெக்சிகோ அரசு தீவைக் காப்பிடமாக்கியது. அமெரிக்காவும் சில ஆண்டுகளில் பாதுகாப்பு அளித்தது. அதன்பின் தீவு தீவாக, கரை கரையாக அவை பரவின. கலிபோர்னியாவின் அன்யோ நுவேவோ தீவில் முதல் குட்டி பிறந்தது 1961இல். 2010 கணக்கின்படி மொத்தம் 2,10,000 முதல் 2,39,000 வரை. 1922ஐத் தொடக்கமாக வைத்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு வளர்ச்சி எண்பத்தெட்டு ஆண்டுகள் தொடர்ந்திருக்கிறது. வங்கிகள்கூட இப்படி வட்டி தருவதில்லை.

அவ்வளவு வேட்டையிலும் எப்படித் தப்பின?

யானைச் சீல் ஆண்டில் எட்டு முதல் பத்து மாதங்களைத் திறந்த கடலில் கழிக்கிறது, அதிலும் பெரும்பகுதி நேரம் நீருக்கடியில். சாதாரணமாக 500, 600 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி இரை தேடும். ஆணும் பெண்ணும் இளங்குட்டிகளும் ஒரே சமயத்தில் கரையேறுவதில்லை. இனப்பெருக்கத்துக்கு ஒரு பருவம், தோல் உரிக்க வேறொரு பருவம். ஆகவே எந்த நாளில் கரையில் நின்று எண்ணினாலும் பாதிக்கு மேல் கடலில் இருக்கும். 1892இல் கரையில் கிடந்தவற்றைக் கொன்றவர்கள் கடலில் இருந்தவற்றைக் கொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கை திரும்பிவிட்டதே, வேறு என்ன குறை?

ஓர் ஊரில் பத்து இருபது வகை விதைநெல் புழங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளத்தில் எல்லாம் போய், ஒரே வீட்டுக் குதிரில் இரண்டு வகை மட்டும் மிஞ்சியது. நான்கைந்து போகத்தில் ஊரின் வயல் முழுவதையும் அதைக்கொண்டு மறுபடி நிரப்பிவிடலாம். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. போன வகைகள் மட்டும் வராது.

யானைச் சீலில் நடந்ததும் இதுதான். 1974இல் மைக்கேல் பொன்னெல், ராபர்ட் செலாண்டர் என்ற இருவர் 159 யானைச் சீல்களின் இரத்தப் புரதங்களை ஆராய்ந்தார்கள். அந்தப் புரதங்களைத் தீர்மானிக்கும் 24 மரபணு இடங்களைப் பார்த்தும் ஒன்றில்கூட விலங்குக்கு விலங்கு வேறுபாடு இல்லை. முதுகெலும்பிகளில் இது அதிர்ச்சி தரும் முடிவு. சாதாரணமாக ஏதாவது சில இடங்களில் வேறுபாடு கட்டாயம் அகப்படும். 1993இல் 55 இடங்களைப் பார்த்த இன்னொரு ஆய்விலும் அதே கதை. தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இரண்டே வகைகள் கிடைத்தன. தென்கடலில் வாழும் நெருங்கிய உறவான தெற்கு யானைச் சீலில் இதைவிடப் பல மடங்கு வேறுபாடு உண்டு.

ஒருவேளை வடக்கு யானைச் சீல் எப்போதுமே இப்படித்தானோ என்ற நியாயமான சந்தேகம் எழுந்தது. வேட்டைக்கு முன் வாழ்ந்த சீல்களின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்து 2000இல் பார்த்தார்கள். இன்று இல்லாத வகைகள் அவற்றில் இருந்தன. ஆகவே குற்றவாளி வேட்டைதான்.

இருபது விலங்குகள் மிஞ்சின என்று வைத்துக்கொண்டால், இருபதின் மரபணுக்களும் மிஞ்சின என்று கொள்ளலாமா?

கூடாது. இங்கேதான் பலருடைய கணக்கு தவறுகிறது. தலை எண்ணிக்கை வேறு, அடுத்த தலைமுறைக்கு மரபணு தந்தவற்றின் எண்ணிக்கை வேறு. யானைச் சீலில் ஒரு வலிய ஆண் ஒரு கரையையே பிடித்துக்கொண்டு பல பெண்களுடன் இணையும். பெரும்பாலான ஆண்கள் வாழ்நாளில் ஒரு குட்டிக்கும் தந்தையாவதில்லை.

மரபியலில் இதற்கு ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பத்து ஆண், பத்துப் பெண் என்றால் விடை 20. ஓர் ஆண், 19 பெண் என்றால் விடை 3.8 மட்டுமே. கரையில் கிடப்பது அதே இருபது உடல்கள்; மரபியலைப் பொறுத்தவரை நான்குகூட இல்லை. 2024இல் வெளியான ஒரு மரபணுத்தொகுதி (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.) ஆய்வு, மிகத் தாழ்ந்த கட்டத்தில் வடக்கு யானைச் சீலின் இந்த 'பயனுறு எண்ணிக்கை' வெறும் 6 என்று மதிப்பிட்டது.

அப்படியானால் நீலத் திமிங்கிலமும் மரபணு வளத்தை இழந்திருக்க வேண்டுமே?

பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலம் வேட்டைக்கு முன் ஏறத்தாழ 2,39,000 இருந்தது. 1904இல் தென் அட்லாண்டிக்கின் தென் ஜார்ஜியா தீவில் வேட்டை நிலையம் அமைந்தது. 1930-31 பருவத்தில் மட்டும் 29,000க்கு மேல் கொல்லப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் மிஞ்சியது ஏறத்தாழ 360 என்கிறது மதிப்பீடு. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. ஆனால் 2012இல் 218 திமிங்கிலங்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் படித்தபோது 52 வகைகள் கிடைத்தன. யானைச் சீலில் இரண்டு, இதில் ஐம்பத்திரண்டு.

இரண்டு காரணங்கள். ஒன்று, 360 என்பது 6 அல்ல. மற்றது காலம். இழப்பை ஆண்டுகளில் எண்ணக் கூடாது, தலைமுறைகளில் எண்ண வேண்டும். பயனுறு எண்ணிக்கை 10 ஆக இருக்கும் ஒரு கூட்டம், ஒரு தலைமுறையில் தன் மரபணு வேறுபாட்டில் 5 விழுக்காட்டைத்தான் இழக்கும். அதே நிலையில் இருபது தலைமுறைகள் கிடந்தால் ஏறத்தாழ 64 விழுக்காடு போய்விடும். நீலத் திமிங்கிலத்தின் ஒரு தலைமுறை ஏறக்குறைய 30 ஆண்டுகள். தனி விலங்கு 80, 90 ஆண்டுகள் வாழும். வேட்டை தொடங்கி முடிவதற்குள் இரண்டு தலைமுறைகள்தான் கடந்தன. வேட்டை உச்சத்துக்கு முன் பிறந்த சில கிழத் திமிங்கிலங்கள், வேட்டை நின்றபோதும் உயிரோடு இருந்திருக்கும். பழைய மரபணுக்களைச் சுமந்தபடி அவை தாமே காலத்தைத் தாண்டி வந்தன.

கடல் நீர்நாய் இந்த இரண்டில் எந்தப் பக்கம்?

யானைச் சீலின் பக்கம்தான், ஆனால் வேறு வழியாக. 1741இல் ரஷ்யாவுக்காகக் கடல் பயணம் போன விட்டஸ் பேரிங்கின் பயணக்குழு கொண்டுவந்த தோல்களோடு தொடங்கிய மென்மயிர் வேட்டை 1911 ஒப்பந்தம் வரை நீண்டது. அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நான்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. வேட்டைக்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த இனத்தில் அப்போது ஓரிரண்டு ஆயிரமே மிஞ்சியிருந்தது, அதுவும் 13 துண்டுக் கூட்டங்களாக. மொத்தத்தைப் பார்த்தால் நீலத் திமிங்கிலத்தைவிட மேல். ஆனால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக, பல தலைமுறைகளுக்குச் சிறுகூட்டமாகவே இருந்தது. கலிபோர்னியாவில் பிக்ஸ்பி ஓடை அருகே மிஞ்சிய கூட்டத்தில் ஐம்பதளவு விலங்குகள்தான்.

பழங்குடிகளின் பழைய குப்பை மேடுகளில் கிடைத்த நீர்நாய் எலும்புகளை இன்றைய விலங்குகளோடு ஒப்பிட்ட 2002 ஆய்வு, மரபணு வகைகளில் குறைந்தது 62 விழுக்காடு இழக்கப்பட்டது என்று காட்டியது. குப்பை மேடு என்று ஒதுக்காமல் தோண்டியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வேட்டைக்கு முந்தைய சான்று வேறு எங்கே கிடைக்கும்?

இழந்த பன்மை மறுபடி வராதா?

புதிய மரபணு மாற்றங்கள் தலைமுறைதோறும் தோன்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எண்ணிக்கை பெரிதாக இருக்கும் இன்றைய யானைச் சீல் கூட்டத்தில் அவை சேரும். ஆனால் பழைய அளவை எட்ட ஆயிரக்கணக்கான தலைமுறைகள் வேண்டும். மனித வரலாற்றின் அளவில் வராது என்றே சொல்லலாம்.

மரபணு வளம் குறைந்ததால் யானைச் சீலுக்கு உண்மையில் தீங்கு ஏதும் நேர்ந்ததா?

பல ஆண்டுகளாக இதற்கு அமைதியான ஒரு பதில்தான் இருந்தது: இரண்டு லட்சத்தைத் தாண்டிப் பெருகிய விலங்குக்கு என்ன தீங்கு? 2024இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்து அந்த அமைதியைக் கலைத்தன.

முதலாவது ஆய்வு, மேலே சொன்ன 6 என்ற எண்ணைத் தந்தது. உடல் எடை, கொழுப்புத் தடிமன், ஒட்டுண்ணிகளும் நோயும் தாக்கும் வாய்ப்பு ஆகியவற்றில் உட்கலப்பின் (நெருங்கிய உறவுக்குள் இணைவதன்) பாதிப்பு தெரியவில்லை என்றது. இதற்கு அது தந்த விளக்கம் சுவையானது. கேடு விளைக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் ஒடுங்கியே கிடக்கும். தாய்வழி, தந்தைவழி இரண்டிலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். கூட்டம் ஆறேழாகச் சுருங்கும்போது உறவுக்குள்ளேயே இணைவதால் அவை அடிக்கடி ஜோடி சேர்கின்றன. அப்படிப் பிறந்தவை இளமையிலேயே சாகின்றன. அவற்றோடு கேடான மரபணுக்களும் கூட்டத்திலிருந்து வெளியேறுகின்றன. மிஞ்சியவை ஓரளவு வடிகட்டப்பட்டவை.

இரண்டாவது ஆய்வு, 260 இன்றைய சீல்களின் மரபணுத்தொகுதிகளையும் 8 பழைய சீல்களின் மரபணுத்தொகுதிகளையும் படித்தது. அதன் முடிவு இவ்வளவு இதமாக இல்லை. செயலிழந்த மரபணு வடிவங்கள் சில கூட்டத்தில் கூடியிருக்கின்றன. ஆண், பெண் இரண்டின் இனப்பெருக்க வெற்றியையும், பெண்கள் இரைதேடிச் செல்லும் நெடும்பயணங்களின் பலனையும் அவை குறைக்கின்றன.

இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? அளந்தவை வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. ஒன்று உடல்நலத்தைப் பார்த்தது, மற்றது இனப்பெருக்கத்தையும் கடல் பயணத்தையும் பார்த்தது. வடிகட்டல் நடந்ததும் உண்மை, வடிகட்டலில் தப்பிய குறைகள் கூட்டம் முழுவதும் பரவியதும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. எண்பத்தெட்டு ஆண்டுகள் 8 விழுக்காடு வளர்ந்த விலங்கும் ஊனத்தோடு வளர்ந்திருக்கலாம். போட்டியற்ற கரைகளும் நிறைந்த கடலும் இருக்கும்வரை அந்த ஊனம் எண்ணிக்கையில் தெரியாது.

கொள்ளைநோய் வந்தால் இவை கூண்டோடு போய்விடுமா?

அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. நோயெதிர்ப்பு மரபணுக்கள் எல்லா விலங்கிலும் ஒரே மாதிரி இருந்தால், ஒன்றை வீழ்த்தும் கிருமி எல்லாவற்றையும் வீழ்த்தலாம். ஆனால் பன்மை மட்டும் கவசம் ஆகிவிடாது. 2023இல் அர்ஜென்டினாவின் வால்தேஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் தெற்கு யானைச் சீல்களைத் தாக்கியது. 17,000க்கு மேற்பட்ட குட்டிகள், அந்த ஆண்டுப் பிறப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு, இறந்துபோயின. மரபணு வளம் மிகுந்த இனம் என்று மேலே சொன்னேனே, அதே இனம்தான்.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் ஏன் மீளவில்லை? மரபணுதான் காரணமா?

ஓரளவு. இதைப் பாஸ்க் மக்கள் பிஸ்கே விரிகுடாவில் 11ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையாடத் தொடங்கினார்கள். 1935 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் இன்று 400க்குக் குறைவு. மரபணுப் பன்மை தாழ்வு. கருத்தரித்தாலும் உறவுக் கலப்பால் சில கருக்கள் தங்குவதில்லை என்பதற்கு அறிகுறிகள் உண்டு. பிறக்கும் குட்டிகளில் எதிர்பார்ப்பதைவிட மரபணு வேறுபாடு கூடுதலாக இருக்கிறது. அதாவது வேறுபாடு குறைந்த கருக்கள் வழியிலேயே கழிகின்றன.

ஆனால் எல்லாப் பழியையும் மரபணுமேல் போடுவது சிலருக்கு மிக வசதியான வாதம். இந்தத் திமிங்கிலங்கள் செத்துக் கிடக்கும்போது உடலில் காணப்படுவது கப்பல் மோதிய காயமும், நண்டு, சிங்கிறால் பொறிகளின் கயிறு அறுத்த தழும்பும். 2010 வரை கூட்டம் மெல்ல வளர்ந்து 480ஐ நெருங்கியது, அதன் பிறகுதான் சரிந்தது. பத்தாண்டில் மரபணு கெட்டுவிடாது. கயிறு கெடுத்துவிடும்.

பத்தே விலங்குகள் மிஞ்சிய வக்கீட்டாவைக் காப்பாற்ற முயல்வது வீண்தானே?

வீண் இல்லை. வக்கீட்டா, மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடமுனையில் மட்டும் வாழும் சிறிய கடற்பன்றி. இதை யாரும் குறிவைத்து வேட்டையாடவில்லை. டோட்டோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குச் சீனாவில் கிடைக்கும் விலைக்காகத் திருட்டுத்தனமாக விரிக்கும் செவுள்வலைகளில் சிக்கி மூச்சடைத்துச் சாகிறது. 1997இல் ஏறத்தாழ 570 இருந்தது இன்று பத்தளவில் நிற்கிறது.

2022இல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். இந்த இனம் பல்லாயிரம் ஆண்டுகளாகவே சிறுகூட்டமாக வாழ்ந்துவந்தது. அதனால் கேடான மரபணுக்கள் முன்பே பெருமளவு கழிந்துவிட்டன. வலைச் சாவு அடியோடு நின்றால், கணினிப் பாவனைகளில் அழிவுக்கான வாய்ப்பு 6 விழுக்காடு மட்டுமே வந்தது. 'மரபணு ரீதியாக இது முடிந்த கதை' என்று சொல்லி வலைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு இனி அறிவியல் துணை வராது.

விலங்குகளை இடம் மாற்றிக் கலந்துவிட்டால் பிரச்சினை தீராதா?

நீர்நாயில் முயன்றார்கள். 1965 முதல் 1972 வரை அலாஸ்காவின் அம்சிட்கா தீவிலிருந்தும் பிரின்ஸ் வில்லியம் சவுண்டிலிருந்தும் பிடித்துத் தெற்கே பல இடங்களில் விட்டார்கள். அம்சிட்காவில் அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியதும் இந்த இடமாற்றத்துக்கு ஒரு தூண்டுதல். தென்கிழக்கு அலாஸ்காவில் விட்ட ஏறத்தாழ 400 விலங்குகள் சில பத்தாண்டுகளில் பல்லாயிரமாகப் பெருகின. இரண்டு மூலங்களிலிருந்து வந்து கலந்ததால் அங்கே மரபணுப் பன்மையும் நன்றாக இருக்கிறது. ஒரேகானில் விட்டவை சில ஆண்டுகளில் மறைந்துபோயின. யானைச் சீலுக்கு இந்த வழியே கிடையாது. இருப்பவை அனைத்தும் ஒரே குவாதலூப் குடும்பத்தின் வாரிசுகள்; கலப்பதற்கு வேறு கூட்டம் இல்லை.

வேட்டைக்கு முன் எத்தனை இருந்தன என்று டி.என்.ஏ. சொல்லுமா?

சொல்லும் என்று 2003இல் இருவர் துணிந்தார்கள். ஜோ ரோமன், ஸ்டீபன் பலும்பி ஆகியோரின் கணக்கில், வட அட்லாண்டிக்கில் கூனல் திமிங்கிலங்கள் மட்டும் 2,40,000 இருந்தன. கப்பல் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கோ ஏறத்தாழ 20,000. பெரும் சண்டை மூண்டது. டி.என்.ஏ. தருவது பல்லாயிரம் ஆண்டுகளின் சராசரி, வேட்டை தொடங்கிய நாளின் தலைக்கணக்கு அல்ல என்றனர் ஒரு சாரார். டி.என்.ஏ. மாறும் வேகத்தைச் சற்று வேறாகக் கொண்டாலே விடை மாறிவிடும் என்றனர் இன்னொரு சாரார். பின்னர் வந்த திருத்தக் கணக்கு 1,12,000 அளவில் நின்றது.

வெறும் ஆய்வாளர் சண்டை என்று இதைத் தள்ள முடியாது. சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் வகுத்த முறைப்படி, ஓர் இனம் ஆதி எண்ணிக்கையில் 54 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் வேட்டைக்கு அனுமதி கூடாது. ஆதி எண்ணிக்கை 20,000 என்றால் ஒரு முடிவு, 2,40,000 என்றால் நேர் எதிர் முடிவு. 1986 முதல் வணிக வேட்டைக்கே தடை இருப்பதால் இந்தக் கேள்வி தூங்குகிறது.

நம் கடலில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு, அதிகம் பேசப்படாத ஒன்று. அரபிக்கடலின் கூனல் திமிங்கிலங்கள் மற்ற கூனல் திமிங்கிலங்களைப்போலக் குளிர்க்கடல்களுக்குப் போய்வருவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கின்றன. ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாக மற்றவற்றிலிருந்து பிரிந்து நிற்கின்றன என்கிறது அவற்றின் டி.என்.ஏ. 1965, 1966இல் சோவியத் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், இந்தியக் கரைகளை ஒட்டி 242 கூனல் திமிங்கிலங்களைக் கொன்றன. இது சட்டவிரோதம். ஆணையத்துக்குப் போன கணக்கிலும் காட்டப்படவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அங்கிருந்த அறிவியலாளர்களே மறைத்து வைத்திருந்த உண்மை எண்களை வெளியிட்டார்கள். ஓமான் கரையில் நடந்த ஆய்வின் மதிப்பீடு 82 திமிங்கிலங்கள். சின்னஞ்சிறு கூட்டத்துக்கு 242 என்ற எண் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2017இல் ஓமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பெண் திமிங்கிலம் அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து இந்திய மேற்குக் கரைக்கு வந்து, தென்முனை வரை இறங்கியது. ஆகவே இது ஓமானின் பிரச்சினை மட்டும் என்று நாம் கைகழுவ முடியாது.

ஆவுளியாவும் (டூகாங் எனப்படும் கடற்பசு) யானைச் சீலைப்போல மீளுமா?

அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இறைச்சிக்காக ஒருகாலத்தில் நிறையப் பிடிபட்ட விலங்கு ஆவுளியா. பெண் பருவமெய்தவே பத்தாண்டு அளவில் ஆகலாம். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் போகும். எவ்வளவு நன்றாகப் பாதுகாத்தாலும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டைத் தாண்டி அதனால் பெருக முடியாது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செயல். பலன் தெரிய நம் பிள்ளைகளின் காலம் ஆகும்.

இவ்வளவு டி.என்.ஏ. எங்கிருந்து கிடைக்கிறது?

உயிருள்ள திமிங்கிலத்திடமிருந்து, குறுக்குவில்லால் எய்யும் சிறு அம்பு ஒரு துணுக்குத் தோலைக் கொத்திக்கொண்டு வரும். திமிங்கிலத்துக்கு அது பெரிய காயம் அல்ல. உரிந்து மிதக்கும் தோல், கழிவு, மூச்சுவிடும்போது தெறிக்கும் துளிகள் ஆகியவையும் பயன்படும். சீலிடமிருந்து துடுப்பின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு போதும்.

பழையவற்றுக்கு எலும்புதான். தென் ஜார்ஜியாவின் கைவிடப்பட்ட வேட்டை நிலையங்களைச் சுற்றி, நூறாண்டுக்கு முன் வெட்டிப் போட்ட திமிங்கில எலும்புகள் இன்னும் கரையில் கிடக்கின்றன. குளிரால் அவற்றில் டி.என்.ஏ. நன்றாகவே தங்கியிருக்கிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எலும்புகளை இன்றைய திமிங்கிலங்களோடு ஒப்பிட்டது. நீலத் திமிங்கிலத்திலும் கூனல் திமிங்கிலத்திலும், அன்று இருந்த தாய்வழி வரிசைகள் சில இன்று எங்கும் அகப்படவில்லை. 52 வகைகள் மிஞ்சின என்று மேலே சொன்னது சரிதான். எத்தனை மிஞ்சவில்லை என்பதை அந்தக் கரையின் எலும்புகளிலிருந்துதான் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள்.